மூக்கு மாஸ்டரின் லைசென்ஸ்

"சுவிட்சைத் தொடாதீங்க! கையை எடுங்க! எடுங்கன்னு சொல்றேன்ல!"

மூக்கு மாஸ்டர் போட்ட கூச்சலில் பார்லர் அக்காவின் விரல் மின்விசிறி சுவிட்சுக்கு மேலே அந்தரத்தில் நின்றது. சுவிட்சில் ஒரு பொறி பறந்தால் போதும். பின்னறை முழுக்கக் கேஸ். சீப்பு, கண்ணாடி, சுழல் நாற்காலி, ஆள் என்று ஒன்றும் மிஞ்சாது.

மாஸ்டர் தரையோடு தரையாகப் படுத்து ஹீட்டருக்குப் பின்னால் கையை விட்டார். கேஸ் வால்வு சுவரை ஒட்டி இருந்தது. எட்டவில்லை. துண்டுகள் அடுக்கியிருந்த அலமாரியைத் தோளால் முட்டித் தள்ளினார். வெள்ளைத் துண்டுகள் பொலபொலவென்று தலைமேல் கொட்டின. சட்டை எதிலோ மாட்டி டர்ரென்று கிழிந்தது. இன்னும் கொஞ்சம்... இதோ... பிடி கிடைத்தது. திருகினார். வால்வு மூடிக்கொண்டது.

"ஜன்னலைத் திற பாப்பா! எரியற லைட் எரியட்டும், அணைஞ்சது அணைஞ்சே கிடக்கட்டும். எல்லாரும் வெளிய போங்க!"

மகள் ஜன்னல்களைத் தள்ளித் திறந்தாள். முன்னறையில் தலைக்குச் சாயம் பூசி உட்கார்ந்திருந்த அம்மாள் பாதிக் கறுப்பும் பாதி வெள்ளையுமாகத் தெருவுக்கு ஓடினார். குளிர்காற்று சில்லென்று உள்ளே புகுந்தது. தரையில், ஹீட்டரின் காலடியில், நீள மூக்கு வைத்த லைட்டர் ஒன்று விழுந்து கிடந்தது. ஹீட்டருக்குள் எப்போதும் எரியும் சின்னச் சுடரை, பைலட்டை, பற்ற வைக்கும் லைட்டர். நல்ல வேளை, பற்றவில்லை.

பார்லர் அக்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். ஊரில் எல்லாருக்கும் அவர் அக்காதான், தன்னைவிட மூத்த மாஸ்டருக்கும்.

"துண்டு எடுக்கலாம்னு வந்தேன் மாஸ்டர். கதவைத் திறந்ததும் குப்புனு அடிக்குது. நான் கத்தலன்னா என்னாகியிருக்கும்? ஏன் மாஸ்டர், அவ்வளவு நேரம் உள்ளயே இருந்தீங்களே... உங்களுக்குத் தெரியலயா?"

மாஸ்டர் முகத்தில் ரத்தம் ஏறியது. ஜன்னல் பக்கம் ஒருதரம் பார்த்தார். மகள் முதுகைக் காட்டி நின்றிருந்தாள். அவர் குனிந்து பார்லர் அக்காவின் காதில் ஏதோ சொன்னார். இரண்டே வாக்கியம்தான்.

"அப்படியா சங்கதி?" என்றார் அக்கா. பிறகு, "சரி விடுங்க, நான் யார்கிட்டயும் சொல்லல" என்றார். அக்கா அப்படிச் சொன்னால், சாயங்காலத்துக்குள் கடைத்தெரு முழுக்கப் பரவிவிடும் என்று அர்த்தம்.

*

மூக்கு மாஸ்டர் என்பது சும்மா வந்த பேர் இல்லை.

ஹீட்டரோ ஏசியோ, எதில் கோளாறு என்றாலும் மாஸ்டர் முதலில் பெட்டியைத் திறக்க மாட்டார். வாசலில் நிற்பார். கண்ணை மூடுவார். மூக்கை ஒருதரம் உறிஞ்சுவார். "மோட்டார் சுருள் கருகியிருக்கு" என்பார். திறந்து பார்த்தால் கருகியிருக்கும். "வடிகால் குழாய்ல எலி செத்துக் கிடக்கு" என்பார். கிடக்கும். ஒருமுறை மூன்றாவது மாடியில் நின்றபடியே தரைத்தளத்துச் சமையலறையில் கேஸ் கசிகிறது என்று சொல்லி ஒரு கட்டடத்தையே காலி செய்ய வைத்தார். அன்றிலிருந்து அந்தத் தெருவில் அவருக்கு டீக்குக் காசு வாங்கமாட்டார்கள்.

அந்த மூக்கு போன குளிர்காலத்தோடு போய்விட்டது.

சாதாரணக் காய்ச்சல்தான். இருமல், உடம்புவலி, ஒரு வாரம் படுக்கை. எழுந்தபோது காப்பி வெந்நீராக இருந்தது. சோப்பு கல்லாக இருந்தது. மனைவி அடுப்பில் எதையோ தீயவிட்டு, வீடெல்லாம் புகையாகி, அவள் இருமிக்கொண்டு ஓடிவந்தபோது மாஸ்டர் பக்கத்திலேயே உட்கார்ந்து ஸ்பேனருக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். "வேலை மும்முரத்துல கவனிக்கல" என்றார். அதுதான் முதல் பொய்.

டாக்டர், "திரும்பி வரலாம், வராமலும் போகலாம்" என்றார். டாக்டரிடம் போனதே வீட்டுக்குத் தெரியாது.

அதற்கப்புறம் மாஸ்டர் ஒரு வித்தை கற்றுக்கொண்டார். வாசலில் நிற்பார். கண்ணை மூடுவது போல மூடி, இமை இடுக்கு வழியாக எதிரே நிற்பவர் முகத்தைப் பார்ப்பார். வீட்டுக்காரம்மா மூக்கைச் சுளித்தால், "ஏதோ கருகியிருக்கு" என்பார். சுளிக்காவிட்டால், "கரன்ட் கோளாறு" என்பார். எல்லாவற்றையும்விட நல்ல முகம் மகளின் முகம்தான். இருபத்தாறு வயதாகியும் அவருக்கு அவள் பாப்பா. மூன்று வருஷமாக அவருக்குக் கீழே வேலை பழகுகிறாள். வாடை எதுவானாலும் அவள் நாசித்துவாரம் முயல் மாதிரி துடிக்கும். இடது பக்கம் துடித்தால் எண்ணெய், இரண்டும் துடித்தால் கேஸ். அதைப் பார்த்துப் பார்த்தே ஒரு வருஷத்தை ஓட்டிவிட்டார். அவள் மூக்கில் இவர் பேர் வாங்கிக்கொண்டிருந்தார்.

எப்படியோ போய்க்கொண்டிருந்த பிழைப்பில்தான் அந்த அறிவிப்பு வந்தது.

லைசென்ஸ் அலுவலகத்தில் புது விதி. ஹீட்டர், ஏசி வேலைக்காரர்கள் லைசென்ஸைப் புதுப்பிக்கவும் சரி, புதிதாக வாங்கவும் சரி, எழுத்துப் பரீட்சையும் கைவேலைப் பரீட்சையும் மட்டும் போதாது. மூக்குப் பரீட்சையும் உண்டு. மூன்று பாட்டில் வைப்பார்கள். எதில் கேஸ் வாடை என்று சொல்லவேண்டும். சொல்லத் தெரியாதவருக்கு லைசென்ஸில் 'குளிர் மட்டும்' என்று முத்திரை விழும். ஏசியைத் தொடலாம். எரியும் கேஸ் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது.

குளிர்காலம் தொடங்குகிற நேரத்தில் ஹீட்டரைத் தொடமுடியாத ஹீட்டர் மாஸ்டர். வருமானம் போனால் போகட்டும், ஏதாவது செய்து சமாளிக்கலாம். பேர்? கடைவாசலில் பெரிய மூக்குப் படம் போட்ட போர்டு தொங்குகிறது. அதை எந்த முகத்தோடு கழற்றுவது?

அதே நாளில், அதே இடத்தில், மகளுக்கும் முதல் லைசென்ஸ் பரீட்சை. அப்பாவும் மகளும் சேர்ந்து விண்ணப்பம் போட்டிருந்தார்கள்.

*

பார்லரிலிருந்து திரும்பும்போது வேனை மகள் ஓட்டினாள். சாதாரணமாக அவள் ஓட்டினால் வாய் நிற்காது. முன்னால் போகிறவனைத் திட்டுவாள், பின்னால் வருகிறவனைத் திட்டுவாள், நடுநடுவே அப்பாவையும் திட்டுவாள். அன்று வேன் முழுக்க ஸ்பேனர்கள் மோதிக்கொள்ளும் சத்தம் மட்டும்.

"ஒண்ணும் ஆகலல்ல பாப்பா. விடு."

"ம்."

"இந்த வேலையில இதெல்லாம் சகஜம்."

அவள் சிக்னலில் நின்றபோது வலது உள்ளங்கையைத் தொடையில் அழுத்தித் துடைத்தாள். ஒருமுறை இல்லை, பலமுறை. மாஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டில் மனைவி வேறு உலகத்தில் இருந்தாள். சமையலறை மேடையில் சின்னச் சின்னப் பாட்டில்களாக வரிசை கட்டியிருந்தாள். மருந்துப் பாட்டில், தைலப் பாட்டில், ஊறுகாய் போட்டுவைக்கும் குப்பி. எல்லாவற்றிலும் எதையோ ஊற்றி, பஞ்சு அடைத்திருந்தாள்.

"வாங்க, வாங்க. பரீட்சைக்குப் பழக வேண்டாமா? உங்களுக்கு எதுக்கு, நீங்க பிறவி மூக்கு. இவளுக்குத்தான். கண்ணை மூடுடி."

மகள் மறுக்காமல் கண்ணை மூடினாள்.

"வினிகர். மண்ணெண்ணெய். இது... அம்மா, இது அப்பாவோட சாக்ஸைப் பிழிஞ்ச தண்ணியா?"

"சீ, அது பூண்டு!"

"ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல."

மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். "பாருங்க, அத்தனையும் சரியாச் சொல்லிட்டா. லைசென்ஸ் வந்ததும் போர்டை மாத்தறோம். 'மூக்கு மாஸ்டர் அண்ட் மகள்'. ரெண்டு மூக்கு வரையச் சொல்லப் போறேன். ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசு."

மகள் கண்ணைத் திறந்தாள். ஒரு பாட்டிலை எடுத்துத் தன் மூக்கருகே வைத்து முகர்ந்தாள். பிறகு அப்படியே அதை மாஸ்டரிடம் நீட்டினாள்.

"நீங்க சொல்லுங்கப்பா."

"எதை?"

"இது என்ன வாடை?"

மாஸ்டர் அவள் நாசியைப் பார்த்தார். துடிக்கவில்லை. முகம் கல் மாதிரி இருந்தது. பார்வை மட்டும் அவர்மேல் அசையாமல் நின்றது. மனைவி முகத்தைப் பார்த்தார். அவள் பல்லெல்லாம் தெரிய, பெருமையோடு காத்திருந்தாள்.

"எனக்கே பரீட்சையா?" என்று சிரித்தார் மாஸ்டர். "போய் வேலையைப் பாரு."

மகள் சிரிக்கவில்லை. பாட்டிலை மூடி, இருந்த இடத்தில் வைத்தாள். பார்த்துப் பார்த்து, சத்தமே இல்லாமல்.

அவளுக்குத் தெரிந்துவிட்டதோ?

*

கேஸ் கசிவைக் கண்டுபிடிக்க ஒரு கருவி உண்டு. பேனா பருமன். நுனியைக் குழாய் இணைப்பில் காட்டினால், கசிவிருந்தால் பீப் பீப் என்று கத்தும். மாஸ்டரின் கடையில் அதற்குப் பேர் 'நாய்'. "பாப்பா, நாயைக் கொண்டா", "நாய் குரைக்குது, நட்டை இறுக்கு" என்பதெல்லாம் அன்றாடப் பேச்சு. வாடிக்கையாளர்கள் சிலர் பயந்துபோய்ச் சோபாமேல் ஏறி நின்றதுண்டு.

அந்த நாயைத்தான் மாஸ்டர் கடைக்குள் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு பிரித்துப் போட்டார். கத்துகிற ஸ்பீக்கரின் வயரைத் துண்டித்தார். பழைய செல்போன் ஒன்றிலிருந்து அதிர்கிற குட்டி மோட்டாரைப் பிடுங்கி அந்த இடத்தில் இணைத்தார். சட்டைக் கைக்குள், மணிக்கட்டை ஒட்டி, நுனி மட்டும் பொத்தான் இடுக்கில் எட்டிப் பார்க்கும்படி வைத்துக் கட்டினார். கடை அடுப்பின் குமிழை இம்மியளவு திறந்து கையை நீட்டினார்.

விர்ர்.

நாய் வாலாட்டியது.

வேலை சுத்தமாக இருந்தது. இத்தனை வருஷ அனுபவத்தில் இவ்வளவு நேர்த்தியாக வயர் இணைத்ததில்லை. இந்த நேர்த்தி எதற்காக என்று நினைத்தபோது கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் விளக்கை அணைத்தார்.

*

பரீட்சைக் கூடத்தில் நீளப் பெஞ்சு. ஊரிலுள்ள ஹீட்டர், ஏசி ஆட்கள் அத்தனை பேரும் தலைசீவி, சலவைச் சட்டை போட்டு, பள்ளிப் பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். எழுத்துப் பரீட்சை முடிந்தது. செப்புக் குழாய் வெட்டி இணைக்கும் கைவேலையும் முடிந்தது. மாஸ்டர் இரண்டிலும் தேறிவிட்டார். மகளும் தேறிவிட்டாள். அவள் இணைத்த குழாயைப் பரீட்சைக்காரர் மற்றவர்களுக்குத் தூக்கிக் காட்டினார்.

மிச்சம் மூக்கு.

"மாஸ்டர் எதுக்கு உள்ள போகணும்? இங்கிருந்தே சொல்லிடுவாரு" என்றான் 'ஃப்ரீசர்'. பக்கத்துத் தெருவில் போட்டிக் கடை வைத்திருப்பவன். அவன் சிரித்தால் பெஞ்சே குலுங்கும். "எங்களுக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்க மாஸ்டர். எந்தப் பாட்டில்?"

"உனக்கு மூக்குல மயிர் தவிர வேற என்ன இருக்கு?"

பெஞ்சு சிரித்தது. ஃப்ரீசர் கோபப்படவில்லை. குரலைத் தாழ்த்தினான். "ஆமா, பார்லர் விஷயம் கேள்விப்பட்டேன். என்ன மாஸ்டர், இப்படி ஆயிடுச்சு?" கண்ணால் மகள் இருந்த பக்கம் காட்டினான்.

"அதெல்லாம் இங்க எதுக்குப்பா" என்று மாஸ்டர் அவசரமாக வாயடைத்தார்.

மகள் காதில் விழுந்ததா தெரியவில்லை. அவள் தன் வலது உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எண்ணைக் கூப்பிட்டார்கள். எழுந்து உள்ளே போனாள்.

மாஸ்டர் சட்டைக் கையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். நாய் இருந்தது.

கதவுக்குப் பின்னால் பேச்சுக்குரல் கேட்டது. மூன்று பாட்டிலை முகர இவ்வளவு நேரமா? மகள் பேசினாள். பரீட்சைக்கார அம்மாள் ஏதோ கேட்டார். மறுபடி மகள்.

கதவு திறந்தது. மகள் வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது. மாஸ்டரைக் கடந்து போனாள். ஏறிட்டும் பார்க்கவில்லை. நேராக வாசல், நேராக வேன்.

மாஸ்டர் அவள் போன வாசலையே பார்த்தார்.

சொல்லிவிட்டாள். எங்க அப்பாவுக்கு மூக்கு செத்துப்போய் ஒரு வருஷமாச்சு என்று சொல்லிவிட்டாள். இப்போது உள்ளே போனால் அந்த அம்மாள் சட்டையைக் கழற்றச் சொல்வார். பெஞ்சு முழுக்கப் பார்க்கும். ஃப்ரீசர் பார்ப்பான்.

"அடுத்தவர்!"

எழுந்து ஓடிவிடலாமா? கால்கள் எழுந்தன. ஆனால் கதவை நோக்கித்தான் போயின.

*

பரீட்சைக்கார அம்மாளுக்கு மாஸ்டர் வயதுதான் இருக்கும். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே மேஜையெல்லாம் தேடிக்கொண்டிருந்தார்.

"மேடம், நெத்தியில இருக்கு."

"ஓ! தேங்க்ஸ். உக்காருங்க. மூணு பாட்டில். மூடியைத் திறங்க, முகருங்க, எது கேஸ்னு சொல்லுங்க. அவசரமே இல்ல."

குரலில் எந்தச் சந்தேகமும் இல்லை. மகள் சொல்லவில்லை! மாஸ்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

முதல் பாட்டிலைத் திறந்தார். மணிக்கட்டு வாய்க்கு நேரே வரும்படி பிடித்து, கண்ணை மூடி உறிஞ்சினார். சட்டைக் கை அமைதியாக இருந்தது.

இரண்டாவது. மூடி திறந்ததுதான் தாமதம், விர்ர்ர். மணிக்கட்டில் நாய் துள்ளியது.

மூன்றாவது. அமைதி.

மாஸ்டர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். பழைய மாஸ்டர் எப்படிச் சொல்வாரோ அப்படியே சொன்னார். "ரெண்டாவது பாட்டில் மேடம். சந்தேகமே வேண்டாம். அதுவும் சிலிண்டர் தீரப்போற சமயத்துல அடியிலிருந்து வருமே, அந்த கேஸ்."

அம்மாள் கண்ணாடியைக் கீழிறக்கி அவரைப் பார்த்தார்.

"நிச்சயமா?"

"என் பேரே மூக்கு மாஸ்டர்ங்க."

அம்மாள் இரண்டாவது பாட்டிலை எடுத்தார். பஞ்சில் ஒரு துளி தொட்டு, தன் புறங்கையில் தடவினார்.

"ஊசி போடறதுக்கு முன்னால தடவுவாங்களே, அந்த ஸ்பிரிட் இது. சின்னப் பிள்ளைக்குக்கூட இந்த வாடை தெரியும். ஊசின்னு நெனச்சு அழும்."

அந்தப் புறங்கையை மேஜைமேல் வைத்தார். மாஸ்டரின் கை பக்கத்தில்தான் இருந்தது.

விர்ர்ர்ர்.

"உங்க சட்டைக் கை ஏன் முணுமுணுக்குது?"

மாஸ்டர் பொத்தானை அவிழ்த்தார். நாயைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அது அங்கேயும் அடங்காமல் மரத்தில் நடுங்கிக்கொண்டு, ஸ்பிரிட் பாட்டிலைப் பார்த்து நகர்ந்தது.

அவருக்குத் தெரியும். நன்றாகவே தெரியும். கேஸுக்கென்று இயற்கையில் வாடை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்று கம்பெனியில் கலப்பதுதான் அந்த நாற்றம். மற்ற இரண்டு பாட்டிலில் ஒன்றில் அந்த நாற்ற மருந்து ஒரு சொட்டு மட்டும் இருந்திருக்கும். கேஸே இருந்திருக்காது. மனுஷ மூக்குக்கு அது போதும். கருவிக்குப் போதாது. கருவிக்கு வேண்டியது எரிகிற ஆவி. ஸ்பிரிட் எரியும். 'கையில ஸ்பிரிட் தடவிக்கிட்டு நாயைத் தொடாதே பாப்பா, சும்மா சும்மா குரைக்கும்' என்று மகளுக்கு வேலைக்கு வந்த புதிதிலேயே சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். பயம் அதையும் மறக்கடித்துவிட்டது.

"எத்தனை நாளா மூக்கு இல்ல?" அம்மாள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை.

"போன குளிர்காலத்துலேருந்து."

"சொல்லியிருந்தா 'குளிர் மட்டும்'னு முத்திரை போட்டிருப்போம். அவ்வளவுதானே? கௌரவமாப் போயிருக்கலாம்."

"கௌரவத்துக்குத்தான் மேடம் இத்தனையும்." மாஸ்டர் தரையைப் பார்த்தபடி சொன்னார்.

அம்மாள் நாயைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "வேலைப்பாடு நல்லா இருக்கு" என்றார். சிரிக்கவில்லை. பிறகு முத்திரைக் கட்டையை எடுத்தார். "இதை எழுதினா உங்களுக்குத் தடையே விழும். எழுதல. குளிர் மட்டும். வாங்கிட்டுக் கிளம்புங்க. இனிமே ஹீட்டர் பக்கம் போகாதீங்க."

இவ்வளவு சுலபமா? மாஸ்டர் கைநீட்டி வாங்கிக்கொண்டார். எழுந்தார். கதவுவரை போனார்.

"என்ன நாளோ இது" என்று அம்மாள் தனக்குத்தானே அலுத்துக்கொண்டார். "மூக்கு இல்லாதவர் லைசென்ஸ் வேணும்னு பித்தலாட்டம் பண்றார். மூக்கு இருக்கற பொண்ணு லைசென்ஸ் வேண்டாம்னு அழுதுட்டுப் போகுது."

மாஸ்டர் நின்றார்.

"எந்தப் பொண்ணு?"

"உங்களுக்கு முன்னால வந்துச்சே. மூடியைத் திறக்கறதுக்குள்ள மூணையும் சொல்லிடுச்சு. அந்த மாதிரி மூக்கு நான் பார்த்ததில்ல. கடைசியா ஒரு கேள்வி கேட்பேன். பைலட் பத்த வைக்கப் போறீங்க, கேஸ் வாடை வருது, என்ன செய்வீங்கன்னு. ரொம்ப நேரம் உள்ளங்கையையே பார்த்துட்டு இருந்துச்சு. அப்புறம், 'என்ன செய்யணும்னு தெரியும் மேடம். ஆனா நான் செஞ்சது வேற. வாடை தெரிஞ்சும் பத்த வைக்கப் போனேன். என்னை மாதிரி ஆளுக்கு லைசென்ஸ் குடுக்காதீங்க'ன்னுச்சு. ஏம்மா அப்படிப் பண்ணினே, யாராவது சொன்னாங்களான்னு கேட்டேன். வாயே திறக்கல. விண்ணப்பத்தைத் திருப்பி வாங்கிட்டுப் போயிடுச்சு. யார்கிட்ட வேலை பழகுச்சோ, பாவம்."

அம்மாளுக்குத் தெரியாது. இங்கே எல்லாருக்கும் எண்தான், பேர் இல்லை, யார் மகள் என்ற குறிப்பும் இல்லை. மாஸ்டர் கதவைத் திறந்துகொண்டு போய்விடலாம். வேனில் ஏறலாம். அவளும் கேட்கமாட்டாள். ஆயுசுக்கும் கேட்கமாட்டாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது இவள் நம்மைக் காட்டிக்கொடுத்துவிட்டாள் என்றுதானே நினைத்தோம் என்பது ஞாபகம் வந்தது. காது மடல்வரை எரிந்தது.

ஜன்னல் வழியாக வேன் தெரிந்தது. மகள் அதன்மேல் சாய்ந்து நின்று, கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மாஸ்டர் ஜன்னலைத் திறந்தார். "பாப்பா! உள்ள வா!"

"சார், என்ன பண்றீங்க?" என்றார் அம்மாள்.

"அது என் பொண்ணு மேடம். அவளுக்கு மாஸ்டர் நான்தான்."

மகள் வாசலில் வந்து நின்றாள். மேஜைமேல் கிடந்த நாயைப் பார்த்தாள். அறுந்த வயரைப் பார்த்தாள். எல்லாம் புரிந்துவிட்டது.

"அப்பா, வேண்டாம்ப்பா. வாங்க போகலாம்."

அவளுக்குப் பின்னால் ஃப்ரீசரின் தலை எட்டிப் பார்த்தது. அவனுக்குப் பின்னால் பெஞ்சு முழுக்க. மாஸ்டர் கதவைச் சாத்தச் சொல்லவில்லை.

"அன்னைக்குப் பார்லர்ல லைட்டர் இவ கையிலதான் இருந்துச்சு மேடம். பர்னர் குமிழ் திறந்தபடி கிடந்திருக்கு, நான் பார்க்கல. 'அப்பா, கேஸ் வாடை வருது'ன்னா. நான் கேக்கல. மறுபடியும் சொன்னா. 'அது சாக்கடை வாடை. எனக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிடுமா? பத்த வை'ன்னேன். எனக்கு முன்னால அவ சொல்லிட்டாளேன்னு எனக்குப் பொறுக்கல. அப்பா சொல்றாரேன்னு கையை நீட்டினா. கடைக்காரம்மா வந்து கத்தலன்னா, பொண்ணு கையாலயே பொண்ணைக் கொளுத்தியிருப்பேன்."

"அப்பா, போதும்" என்றாள் மகள்.

"இரும்மா, இன்னும் இருக்கு. அது கடைத்தெரு முழுக்கப் பரவி உன் காதுலயும் விழுந்திருக்கும்னு எனக்குத் தெரியும்." மாஸ்டர் பெஞ்சைப் பார்த்துத் திரும்பினார். "உங்களுக்குத் தெரியலயான்னு பார்லர் அக்கா கேட்டப்போ, காதுல ரகசியமா என்ன சொன்னேன் தெரியுமா? 'எனக்கு ஜலதோஷம், பாப்பாவைத்தான் முகரச் சொன்னேன், ஒண்ணும் இல்லன்னுட்டா. வெளிய சொல்லாதீங்க அக்கா, பாவம், அவளுக்கு மூக்கே கிடையாது.'"